மருந்தும் அளவும்

காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரையில் ஒன்றுக்கு ஒன்றரையாக ஒருவர் உண்டுவிட்டால், அது நன்றன்று எனினும், பெரும்பாலும் பெருந்தீங்கு நேர்வதில்லை. நோயைத் தணிக்கும் அளவுக்கும் உயிரைக் கெடுக்கும் அளவுக்கும் இடையே அங்கே அகன்ற வெளி இருக்கிறது. புற்றுநோய் மருந்துகளில் அவ்வெளி மிகக் குறுகியது. சிலவற்றில் அது வயல்வரப்பின் அகலமே உடையது. வரப்பின் இப்புறம் நின்றால் நோய் அசையாது. அப்புறம் கால் தவறினால் நோயாளியே வீழ்ந்துபடுவார்.

இதற்குக் காரணம் உண்டு. உடலின் உயிரணுக்கள் சில, கட்டுப்பாடு இழந்து ஓயாமல் பெருகுவதே புற்றுநோய். விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தேடித் தாக்குவது மருந்தின் தொழில். ஆனால் உடலில் விரைந்து பெருகுவன புற்றணுக்கள் மட்டும் அல்ல. இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சை, வாயின் உட்புறம், குடலின் உட்சுவர், மயிர்க்கால் ஆகியவற்றில் உள்ள அணுக்களும் நாள்தோறும் பெருகுவனவே. பகைவனையும் உறவினனையும் பிரித்தறியும் ஆற்றல் அப்பழைய மருந்துகளுக்கு இல்லை. மருத்துவம் பெறுவோர் தலைமயிர் உதிர்வதும், வாய்ப்புண்ணால் வருந்துவதும் இதனாலேயே.

இம்மருந்துகளின் பிறப்பு வரலாறும் அவற்றின் கடுமையைக் காட்டும். முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற கடுகு வாயுவுக்கு உறவான ஒரு நைட்ரஜன் சேர்மம், 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் புற்றுநோய் மருந்தாகச் செலுத்தப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ் அவர்களின் குழுவினர் ஆக்கிய மருந்தைக் கொண்டு, சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் 1947ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகளின் இரத்தப் புற்றைச் சில திங்கள் அளவேனும் அடக்கிக் காட்டினார். நம் ஊர்களில் வேலியோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது வின்கிரிஸ்டின் என்னும் மருந்து. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் அச்செடி இதன்பொருட்டே பயிரிடவும் படுகிறது. ஆடும் மாடும் தின்னாது ஒதுக்கும் அச்செடியின் நஞ்சே அளவோடு கொடுக்கும்போது குழந்தைகளின் உயிரைக் காக்கிறது. ஆகவே, அளவே இங்கு மருந்தின் உயிர்நிலை.

அவ்வளவு எவ்வாறு கணிக்கப்படுகிறது? பெரியவருக்கு ஒரு மாத்திரை, சிறுவருக்கு அரை மாத்திரை என்னும் எளிய வழக்கம் இங்கே செல்லாது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே கணக்கிடல் வேண்டும். பெரும்பாலான புற்றுநோய் மருந்துகள் உடலின் மேற்பரப்பைக் கொண்டு அளவிடப்படுகின்றன. ஒருவருடைய தோற்பரப்பை அளந்து பார்த்தல் இயலாதாகையால், உயரத்தையும் எடையையும் கொண்டு அதனை மதிப்பிடுவர். இதற்கு 1916ஆம் ஆண்டில் டூ பாய் என்னும் பெயருடைய இருவர் ஒரு சூத்திரம் வகுத்தனர். 1987ஆம் ஆண்டில் மோஸ்டெல்லர் என்பார் அதனினும் எளிய ஒன்றைத் தந்தார். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோகிராமிலும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வரும் ஈவுக்கு வர்க்கமூலம் காண வேண்டும். விடை சதுர மீட்டரில் கிடைக்கும்.

150 சென்டிமீட்டர் உயரமும் 54 கிலோகிராம் எடையும் உடைய ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். 150ஐ 54ஆல் பெருக்க 8100. அதனை 3600ஆல் வகுக்க 2.25, அதன் வர்க்கமூலம் 1.5. சதுர மீட்டருக்கு 1000 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய மருந்தாயின் அவருக்கு உரியது 1500 மில்லிகிராம். கணக்கு எளிதே. ஆனால் எடை பார்த்த கருவி கிலோகிராமைக் காட்டாமல் பவுண்டைக் காட்டியதாக வைத்துக்கொள்வோம். 54 கிலோகிராம் ஏறத்தாழ 119 பவுண்டு. அந்த 119ஐக் கிலோகிராம் என்று எண்ணிக் கணக்கிட்டால் மேற்பரப்பு 2.2 சதுர மீட்டருக்கு மேல் வரும். மருந்தோ உரிய அளவினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பெருக்கல் சரி, வகுத்தல் சரி, வர்க்கமூலமும் சரி. விடை மட்டும் தவறு. எடையே கூட நிலையானதன்று. நோயால் இளைத்துப் போனவருக்கு மூன்று திங்களுக்கு முன் எழுதிய எடையைக் கொண்டே மருந்து எழுதுவதும் பிழையாம். ஆதலால் ஒவ்வொரு சுற்று மருந்துக்கு முன்னரும் எடை பார்த்தல் நல்ல மருத்துவமனைகளின் வழக்கம்.

இத்தகைய பிழை எத்துணைக் கொடியது என்பதை உலகம் பாஸ்டன் நகரில் கண்டது. அந்நகரின் பெயர் பெற்ற நாளிதழாகிய பாஸ்டன் குளோப் இதழில் உடல்நலம் பற்றிய பகுதியை எழுதி வந்தவர் பெட்சி லேமன் என்னும் அம்மையார். 39 வயதினர், இரு பெண் குழந்தைகளின் தாய். மார்பகப் புற்றுநோயால் வருந்திய அவர், 1994ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் சேர்ந்தார். மேலே கூறிய சிட்னி ஃபார்பர் தோற்றுவித்த நிலையமே அது. புற்றுநோய் மருத்துவத்தில் அமெரிக்காவின் முன்னணி நிலையங்களுள் ஒன்று. அம்மையாருடைய கணவரும் அங்கேயே அறிவியலாராகப் பணியாற்றியவர்.

அவருக்கு அளிக்கவிருந்த மருத்துவம் ஆராய்ச்சி நிலையில் இருந்தது. மிகுந்த அளவில் மருந்து செலுத்தி நோயை அழித்தபின், முன்னரே எடுத்து வைத்திருந்த அவருடைய குருதி மூல அணுக்களை மீண்டும் உடலில் சேர்ப்பது அதன் முறை. அதில் முதன்மையான மருந்து சைக்கிளோபாஸ்பமைடு. கடுகு வாயுவின் வழிவந்த மருந்துகளுள் ஒன்று. நான்கு நாட்களில் மொத்தமாகச் சதுர மீட்டருக்கு 4000 மில்லிகிராம், அதாவது நாள் ஒன்றுக்கு 1000 மில்லிகிராம் என்பதே திட்டம். ஆனால் திட்டத்தாளில் மொத்த அளவும் நான்கு நாள் என்னும் குறிப்பும் அருகருகே இருந்தன. மருந்தெழுதிய மருத்துவர் மொத்த அளவை ஒரு நாள் அளவாகக் கொண்டார். நாள்தோறும் 4000 என எழுதப்பட்டது. நான்கு நாளும் அவ்வாறே செலுத்தப்பட்டது.

அச்சீட்டைப் பார்த்தவர் ஒருவர் இருவர் அல்லர். மருந்தாளர் பார்த்தனர், செவிலியர் பார்த்தனர், வேறு மருத்துவரும் பார்த்தனர். ஒருவரும் தடுக்கவில்லை. அவர்கள் கவனம் இல்லாதவர்கள் என்று எளிதாகக் கூறிவிடலாம். அக்கூற்று உண்மையை முழுதும் காட்டாது. அந்நிலையத்தில் வழக்கத்தினும் மிகுந்த அளவில் மருந்து கொடுத்து ஆராய்வது அன்றாட நிகழ்ச்சி. பெரிய எண்ணைக் கண்டு திடுக்கிடும் உணர்வு அங்குள்ளோர்க்கு மழுங்கியிருந்தது. எழுதியவர் அறிந்தே எழுதியிருப்பார் என்று கொடுத்தவரும், கொடுப்பவர் பார்த்துக்கொள்வார் என்று எழுதியவரும் எண்ணும் இடத்தில் காவல் பலவாக இருந்தும் கதவு திறந்தே கிடக்கும்.

ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று முதலில் உணர்ந்தவர் நோயாளியே. தம் உடல்நிலை இயல்பாக இல்லை என்பதை அவர் கூறினார், அச்சத்தையும் வெளியிட்டார். கடிய மருந்தின் இயல்பான விளைவுகளே அவை எனக் கருதப்பட்டன. வீடு திரும்பவிருந்த வேளையில், டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள், அவர் உயிர் நீத்தார். அளவு மிஞ்சிய மருந்து இதயத்தைச் சிதைத்திருந்தது. அதே காலத்தில் அதே பிழைக்கு ஆளான மற்றொரு பெண்மணி இதயம் பழுதுற்று உயிர் பிழைத்தார். இவற்றுக்குக் காரணம் யாது என்பது அப்போது எவருக்கும் தெரியவில்லை. இரண்டு திங்கள் கழித்து, 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆராய்ச்சிப் புள்ளிவிவரங்களைத் தொகுத்துக்கொண்டிருந்த ஓர் எழுத்தர் கண்ணில் அந்த எண் பட்டது. மருத்துவர் பலர் காணாததை ஏடு பார்த்தவர் கண்டார்.

அதன்பின் அந்நிலையம் தன் பழைய முறைகளைத் தலைகீழாக மாற்றியது. பயிற்சி நிலையில் உள்ள மருத்துவர் எழுதும் புற்றுநோய் மருந்துச் சீட்டில் மூத்த மருத்துவரும் கையொப்பம் இட வேண்டும் என்று விதித்தது. ஒவ்வொரு மருந்துக்கும் உயர்ந்த அளவு ஒன்று வரையறுக்கப்பட்டது. அதனைத் தாண்டும் சீட்டைக் கணிப்பொறி ஏற்காது தடுக்கும். திட்டத்தாளின் முழு வாசகமும் மருந்தாளர், செவிலியர் ஆகியோர் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டது. நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் நிலையத்தின் குழுக்களில் அமர்ந்து கருத்துக் கூறும் உரிமை பெற்றனர். இந்நிகழ்ச்சி நாட்டையே எழுப்பியது எனலாம். 1999ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட பேரறிக்கை, அம்மையாரின் பெயரை முதலிற் கூறியே தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கின்றனர் என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது.

பிழை பிறக்கும் இடங்கள் பல. சிலவற்றை நோக்குவோம். 5 மில்லிகிராம் என்று எழுத வேண்டியதை 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கிய இடத்து அது 50 ஆகும். அரை மில்லிகிராமை .5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். இரண்டிலும் பத்து மடங்கு மிகை. எனவே முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் இடலாகாது. பின்னத்துக்கு முன் சுழி இடாமல் விடலாகாது. பள்ளியில் கணக்கு ஆசிரியர் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் மருந்துச் சீட்டில் பொறுக்கத் தக்கதன்று. மருந்துகளின் பெயர்களும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் மயக்கம் தருவன. சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் என இரு மருந்துகள் உள்ளன. முன்னதன் அளவு பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை; பின்னதன் அளவோ அதனைப் போல் மூன்று நான்கு மடங்கு. பெயரைச் சுருக்கி எழுதியதால் ஒன்றுக்கு ஒன்று மாறினால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒருமுறை உண்ண வேண்டியவர் நாள்தோறும் உண்டு மாண்டதும் உண்டு. அதனால் சீட்டில் உண்ண வேண்டிய கிழமையின் பெயரையே எழுதுதல் நலம் என்பர்.

மிகை மட்டுமே பிழை என்று எண்ணுதல் வேண்டா. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்து மருத்துவமனைகள் இரண்டில், 2014ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், கடிய இரத்தப் புற்றுடைய 10 பேருக்குச் சைட்டரபின் என்னும் மருந்து குறைவாகக் கொடுக்கப்பட்டது. நாளுக்கு இருமுறை என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை என்று திட்டத்தாளில் பிழையாக அச்சிடப்பட்டிருந்தது. தாளைப் பார்த்து எழுதியவர் யாவரும் தாளில் உள்ளவாறே சரியாக எழுதினர்! மிகையான மருந்து உடனே துன்பத்தைக் காட்டும். குறைந்த மருந்தோ ஓசையின்றி நோய்க்கு இடங்கொடுத்துவிடும். ஒருவர் ஒரு சீட்டில் செய்யும் பிழை ஒருவரைத் தாக்கும். மூலத்தாளின் பிழை, அதனை நம்பும் அனைவரையும் தாக்கும். ஆகவே மூலத்தாளை எழுதுவோரும் திருத்துவோரும் வெளியிடுவோரும் எவ்வளவு எச்சரிக்கை உடையவராயினும் மிகையாகாது.

இருவர் பார்த்தால் பிழை நேராது என்பது உலகோர் நம்பிக்கை. கனடா நாட்டின் எட்மன்டன் நகரில் 2006ஆம் ஆண்டில் நிகழ்ந்தது அந்நம்பிக்கையைச் சோதித்தது. புளூரோயுராசில் என்னும் மருந்து 5250 மில்லிகிராம், நான்கு நாட்களில் சிறுகச் சிறுக ஒரு பெண்மணியின் உடலிற் செல்ல வேண்டும். அதற்கென ஒரு சிறு பொறியை அவரோடு பிணைத்து வீட்டுக்கு அனுப்புவர். நாள் ஒன்றுக்கு 28.8 மில்லிலிட்டர், ஆகவே மணிக்கு 1.2 மில்லிலிட்டர். மருந்துப் பையின் சீட்டில் இரண்டு எண்களும் இருந்தன. கணக்கிட்ட செவிலியர் 24 மணியால் வகுக்க மறந்தார். 28.8 என்னும் விடை வந்தது. சீட்டைப் பார்த்தார், அங்கும் 28.8 இருந்தது. மனம் அமைதியுற்றது. சரிபார்த்த இரண்டாம் செவிலியரும் அதே வழியிற் சென்று அதே எண்ணை அடைந்தார். பொறியில் மணிக்கு 28.8 எனப் பதிவாயிற்று. நான்கு நாள் மருந்து நான்கு மணி நேரத்தில் உடலிற் புகுந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அப்பெண்மணி இறந்தார். அம்மருந்தின் மிகைக்கு முறிவாகும் மருந்து ஒன்று 2015ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தோர் செவிலியரைப் பழிப்பதோடு நின்றுவிடவில்லை. தேவையற்ற எண்ணைச் சீட்டிலிருந்து நீக்குக என்றனர். மணிக்கு எவ்வளவு என்பது மட்டும் இருந்தால் போதும். மேலும், இரண்டாமவர் முதலாமவரின் விடையைக் காணாமல், முதலிலிருந்து தாமே கணக்கிட வேண்டும். அதன்பின்னரே இரு விடைகளையும் ஒப்பிட வேண்டும். அடுத்திருப்பவன் ஏட்டைப் பார்த்து எழுதிய மாணவனின் விடை, அவன் விடைக்குச் சான்றாகுமா?

பிழை செய்யாதே என்று அறிவுறுத்துவதினும், பிழை செய்யவே இயலாதபடி பொருளை அமைப்பது மேலானது. வின்கிரிஸ்டினை எப்போதும் இரத்தக் குழாயிலேயே செலுத்த வேண்டும். இரத்தப் புற்றுடையவர்க்கு வேறு மருந்தொன்றை முதுகுத்தண்டின் நீரில் செலுத்த வேண்டியதும் உண்டு. இரண்டும் ஒரே நாளில், ஒரே வகை ஊசிக்குழலில் வந்து சேர்ந்தால் கை மாறும். வின்கிரிஸ்டின் முதுகுத்தண்டிற் புகுந்தால் நரம்புகள் அழியும். பிழைத்தவர் மிகச் சிலர். 1968ஆம் ஆண்டு முதலே இதனை மருத்துவ உலகம் அறியும். பெட்டிகளில் எச்சரிக்கை அச்சிட்டனர், சிவப்பு எழுத்தில் எழுதினர், விதிகள் வகுத்தனர். ஆயினும் 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில், நோயிலிருந்து தேறிவந்த 18 வயது இளைஞர் ஒருவர் இதே மாற்றத்தால் இறந்தார். பின்னர் வேறு வழி கண்டனர். அம்மருந்தை ஊசிக்குழலில் நிரப்பாமல், உப்பு நீரிற் கலந்து சிறு பையில் இட்டு அனுப்பினால், அதனை எவரும் முதுகில் குத்தும் மருந்து என்று மயங்கார். பையின் உருவமே, கையை நீட்டுபவரைத் தடுத்து நிறுத்தும். உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் எல்லா நாடுகளுக்கும் இம்முறையைப் பரிந்துரைத்தது. எழுத்தால் ஆகாததைப் பை செய்தது.

கணிப்பொறியும் இவ்வாறே பெருந்துணை புரிகிறது. கையெழுத்து விளங்காமை அதனால் ஒழிந்தது. உயரமும் எடையும் இட்டால் கணக்கைத் தானே செய்கிறது. அளவு மிஞ்சினால் எச்சரிக்கிறது. ஆனால் அதுவும் குற்றமற்றதன்று. சிறியதற்கும் பெரியதற்கும் ஓயாமல் எச்சரிக்கும் பொறியின் குரலை, நாளடைவில் மருத்துவர் காதிற் கொள்வதில்லை; புலி வருகிறது என்று பலகாலும் பொய்யாகக் கூவிய இடையன் நிலையை அது அடைகிறது. பெயர்வரிசையில் மேலதைத் தொடுவதற்குக் கீழதைத் தொட்டுவிடுவதும் உண்டு. ஆதலால் மருந்தாளர் தம் அறிவால் மீண்டும் நோக்குதல் தவிர்க்க இயலாததாயிற்று. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் புற்றுநோய்ச் செவிலியர் சங்கமும் 2009ஆம் ஆண்டில் ஒன்றுகூடி வகுத்த விதிகளுள், புற்றுநோய் மருந்தை வாய்மொழியாக ஆணையிடலாகாது என்பது ஒன்று. மருந்தை நிறுத்துக என்று மட்டும் வாயாற் கூறலாம். கொடுக்க என்று கூறுவதாயின் எழுதித்தான் ஆக வேண்டும்.

இவையெல்லாம் இருந்தும், இளைய செவிலியர் மூத்த மருத்துவரிடம், "ஐயா, இவ்வளவு சரிதானா?" என்று வினவத் தயங்கும் மருத்துவமனையில் விதிகள் தாளிலேயே உறங்கும். வினவியவரைச் சினந்து நோக்கும் மருத்துவர், அடுத்த முறை வினவப்படமாட்டார். அதனால் இழப்பவர் நோயாளி. செய்த பிழையை வெளியிட்டவரைத் தண்டிக்கும் இடத்தில் பிழைகள் குறைவதில்லை; மறைக்கப்படுகின்றன. பிழையை அறிந்தால் அன்றோ அதன் வேரை அறிதல் கூடும்? ஒருவர் கைக்கு எட்டி, உடலிற் சேராமல் தடுக்கப்பட்ட பிழைகளையும் குறித்து வைத்து ஆராயும் வழக்கம் இதனாலேயே தோன்றியது.

மசாசூசெட்சு மாநில அரசு, நோயாளிகளின் பாதுகாப்புக்கென 2004ஆம் ஆண்டில் ஒரு நிலையத்தை நிறுவிப் பெட்சி லேமன் அம்மையாரின் பெயரை அதற்குச் சூட்டியது. இன்று நல்ல புற்றுநோய் மனைகளில் மருந்துப் பையைத் தொங்கவிடுமுன் செவிலியர் இருவர் படுக்கையருகே வருகின்றனர். நோயாளியின் பெயரையும் பிறந்த நாளையும் தாம் சொல்லாமல் அவரையே சொல்லச் செய்கின்றனர். பின்னர் மருந்தின் பெயர், அளவு, செல்ல வேண்டிய நேரம் ஆகியவற்றை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சீட்டோடு ஒப்பிடுகின்றார். நோயாளியின் கையிலும் அவற்றை எழுதிய தாள் ஒன்று இருக்கிறது. அவரும் அதில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்.